லாகோஸ் விமான நிலையம்: முதல் தடவை போகிறேன், பயமுறுத்தாமல் வழி சொல்லுங்கள்

ஈரோட்டுக்காரன்77
எல்லோருக்கும் வணக்கம். நைஜீரியாவில் ஓட்டா என்ற ஊரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மோல்டிங் மெஷின் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சென்னையிலிருந்து அடிஸ் அபாபா வழியாக லாகோஸ் போக வேண்டும். இதுவரை நான் பார்த்த வெளிநாடு துபாய் மட்டும்தான், அதுவும் நாலே நாள். லாகோஸ் ஏர்போர்ட் என்று யூடியூபில் தேடினால் வருகிற வீடியோ எல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. பணம் கேட்பார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், நம் பேர் எழுதின அட்டையோடு பொய் டிரைவர் நிற்பான் என்று ஒரே கதை. அம்மா அதில் ரெண்டைப் பார்த்துவிட்டு வேண்டவே வேண்டாம் என்கிறார். போய் வந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

சும்மாவந்தவன்
அம்மா சொல்வதைக் கேளுங்கள் பாஸ். துபாய்க்கே பாருங்கள்.

இகேஜா_அண்ணன்
தம்பி, மேலே இருப்பதை விடுங்கள். பதினாலு வருஷமாக இங்கே இருக்கிறவன் சொல்கிறேன். இறங்கினதும் நடப்பதை அப்படியே சொல்லிவிடுகிறேன், அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

முதலில் சுகாதாரத் துறை மேசை. அங்கே மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையைக் காட்ட வேண்டும், எல்லோ கார்டு என்பார்கள். அப்புறம் இமிக்ரேஷன். நீங்கள் வேலைக்கு வருவதால் விசாவில் எஸ்டிஆர் என்று இருக்க வேண்டும், வேலைக்கு வருகிறவர்களுக்குத் தரும் விசா அது, இப்போதே எடுத்துப் பாருங்கள். பிசினஸ் விசாவில் ஏற்றிவிட்டு 'அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று ஏஜெண்ட் சொன்னால் ஏறவே ஏறாதீர்கள். எஸ்டிஆரில் வந்தால் 90 நாளுக்குள் கம்பெனி உங்கள் பெயரில் செர்பாக் எடுத்துத் தர வேண்டும், அதுதான் வெளிநாட்டுக்காரர் இங்கே தங்குவதற்கான அட்டை. அந்த வேலைக்குப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், எல்லாப் பக்கத்துக்கும் நகல் எடுத்துப் போனிலும் பையிலும் வையுங்கள்.

அதற்குப் பிறகு பெட்டி. அப்புறம் கஸ்டம்ஸ். பத்தாயிரம் டாலருக்கு மேல் கையில் இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும், நமக்கு அந்தக் கவலை கிடையாது.

முக்கியமானது இது. உங்களைக் கூட்டிப்போக கம்பெனி ஒரு ஆளை அனுப்பும், அவருக்கு இங்கே புரோட்டோகால் என்று பேர். 'என் புரோட்டோகால் வந்திருக்கிறார்' என்று சொன்னாலே பாதிப் பேர் விலகிப் போய்விடுவார்கள். அவர் படத்தையும் போன் நம்பரையும் கிளம்பும் முன்னாலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பேர் எழுதின அட்டையை மட்டும் நம்ப வேண்டாம், பெட்டியின் மேல் ஒட்டின சீட்டிலிருந்து யார் வேண்டுமானாலும் பேரைப் படித்து எழுதிவிடலாம். கம்பெனிக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையை முடிவு செய்து, டிரைவர் அதைச் சொன்னால்தான் வண்டியில் ஏறுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராம்நாடு_ரிட்டர்ன்
அண்ணன் எல்லோ கார்டை ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் பட்டவன். போகும்போது அல்ல, திரும்பி வரும்போது.

ரெண்டு வருஷம் கானோவில் இருந்துவிட்டு லீவுக்கு வந்தேன். அட்டையைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டேன் (சிரிக்காதீர்கள்). வழியில் பெட்டி இணைப்பு விமானத்தைத் தவறவிட்டது, நான் மட்டும் இந்தியா வந்து இறங்கினேன். நைஜீரியாவிலிருந்து வருகிறவர் கையில் அட்டை இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள், அதுதான் சட்டம். இந்தக் காய்ச்சல் நம் நாட்டில் இல்லை, ஆனால் அதைப் பரப்புகிற ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது, ஒரு ஆள் கொண்டுவந்தால் போதும், அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. வெளியே மாமா காரோடு நிற்கிறார், நான் உள்ளே வார்டில் தட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் நாள் பெட்டி வந்தது, அட்டையும் வந்தது, விட்டார்கள்.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அட்டை செல்லும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். முன்பு பத்து வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது, 2016இலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். பாஸ்போர்ட்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.

ஈரோட்டுக்காரன்77
அண்ணன்மார் ரெண்டு பேருக்கும் நன்றி. விசாவில் எஸ்டிஆர் என்றுதான் இருக்கிறது, இப்போதான் மூச்சு வந்தது. கிண்டிக்கு நாளைக்கே போகிறேன். பணம் கேட்பார்கள் என்கிறார்களே, அதைச் சொல்லவில்லையே?

இகேஜா_அண்ணன்
கேட்பார்கள். மறைக்க என்ன இருக்கிறது. 'எனிதிங் ஃபார் த பாய்ஸ்?' இது நாடு முழுக்க வழங்கும் வாசகம், பசங்களுக்கு ஏதாவது உண்டா என்று அர்த்தம். சில நேரம் வெறும் 'ஹேப்பி வீக்கெண்ட் சா' (சா என்றால் சார்) என்பதோடு நிற்கும், அதற்கும் அர்த்தம் அதுவேதான். விமான நிலைய நிர்வாகமே பணம் கேட்ட ஊழியர்களைப் பிடித்து வேலையிலிருந்து நிறுத்தின செய்திகள் பல முறை வந்திருக்கின்றன.

மிரட்டல் மாதிரி நினைத்துக்கொண்டு நடுங்கவும் வேண்டாம், நம் ஊர்க் கோபத்தைக் காட்டவும் வேண்டாம். சிரித்துக்கொண்டே 'நெக்ஸ்ட் டைம், ஓகா' என்று நகர வேண்டும். ஓகா என்றால் முதலாளி, பெரியவர். காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறவனிடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்பார்கள், கிடைக்காவிட்டால் அடுத்த ஆளிடம் போவார்கள். காகிதத்தில் ஓட்டை இருக்கிறவனைத்தான் நிறுத்தி வைக்க முடியும்.

இன்னொன்று. இங்கே வணக்கம் சொல்லாமல் பேச்சை ஆரம்பிப்பது பெரிய மரியாதைக்குறைவு. நம் ஆட்கள் பலபேர் கவுண்டரில் போய்ப் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு ஊமை மாதிரி நிற்பார்கள், பார்த்திருக்கிறேன். காலை வேளையில் 'எ காரோ' என்று இந்தப் பக்கத்து மொழியான யொரூபாவில் சொல்லிப் பாருங்கள், எதிரே இருக்கிறவர் முகம் மாறுவது தெரியும்.

சும்மாவந்தவன்
சிரிக்க வேண்டும், வணக்கம் சொல்ல வேண்டும், பாஷை படிக்க வேண்டும். லஞ்சம் கேட்கிறவனுக்கு இத்தனை மரியாதையா? அமெரிக்காக்காரன் தன் ஏர்போர்ட்டிலேயே 'லாகோஸ் போகாதே' என்று போர்டு வைத்த இடம் அது. கூகுள் செய்து பாருங்கள்.

ஓடுபாதை_ரசிகன்
போர்டு வைத்தது உண்மை. எந்த வருஷம் என்பதையும் சொல்லியிருக்கலாம். 1993. பாதுகாப்பு ஏற்பாடு சர்வதேச அளவுக்கு இல்லை என்று அமெரிக்க அரசு அறிவித்து, தன் விமான நிலையங்களில் எச்சரிக்கை ஒட்டி, லாகோஸுக்கு நேரடி விமானத்தையும் நிறுத்தியது. அது நைஜீரியாவில் ராணுவ ஆட்சி நடந்த காலம். 1999இல் தேர்தல் நடந்து ஒபசாஞ்சோ அதிபராக வந்த பிறகு அந்த வருஷக் கடைசியில் தடையை எடுத்துவிட்டார்கள். இப்போது அமெரிக்க விமான நிறுவனமே அங்கே போய் வருகிறது. இணையத்தில் சுற்றும் கதைகளில் பாதி அந்த ஆறு வருஷத்துச் சரக்கு, அதற்கு இன்னும் மவுசு குறையவில்லை.

எனக்கு இந்த நிலையத்தின் மேல் கொஞ்சம் பிரியம் உண்டு, அதனால் நீளும், மன்னிக்கவும். ரெண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த விமானத்தளம் இது. எழுபதுகளில் எண்ணெய்க் காசு கொட்டியபோது, ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையத்தை மாதிரியாக வைத்துப் புது சர்வதேச முனையம் கட்டினார்கள், 1979 மார்ச்சில் திறந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு கட்டடம் கிடையாது. ஓடுபாதை ரெண்டு, ஒன்று 3,900 மீட்டர், இன்னொன்று 2,743 மீட்டர். பெரியது எந்த விமானத்தையும் தாங்கும்.

பிரச்சினை கட்டினதில் இல்லை, கட்டின பிறகு பார்த்துக்கொள்ளாததில். எண்ணெய் விலை விழுந்தது, காசு நின்றது, கூட்டம் மட்டும் கூடிக்கொண்டே போனது. ஏசி ஓடாது, பெல்ட் ஓடாது, மின்சாரம் போகும். ஸ்கிபோல் அதே காலத்தில் பல தடவை புதுப்பித்துக் கட்டப்பட்டது, இங்கே 1979 அப்படியே நின்றது. உள்நாட்டு விமானங்கள் இறங்குகிற சின்ன ஓடுபாதையில் பல வருஷம் இரவு விளக்கே இல்லை, 2022இல்தான் போட்டார்கள். அதுவரை இருட்டினால் எல்லோரும் பெரிய ஓடுபாதையில் இறங்கி, அங்கிருந்து உள்நாட்டு முனையம் வரைக்கும் ஊர்ந்து வர வேண்டும். 2017-18இல் ஊர்ந்து போகிற விமானத்தின் சரக்குக் கதவைத் திருடர்கள் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததே, அதெல்லாம் இந்த இருட்டில்தான்.

சும்மாவந்தவன்
பயமுறுத்தாமல் சொல்லச் சொன்னார் பாவம் 😀

கடலூர்க்கப்பல்
நான் கப்பல்காரன். லாகோஸில் நாலு முறை கப்பல் ஏறியிருக்கிறேன். முதல் முறை அடிஸ் அபாபாவில் விமானம் மாறி லாகோஸ் அபாபா துறைமுகத்துக்குப் போனேன், தமிழில் எழுதினால் ரெண்டும் ஒரே அபாபா, வீட்டில் குழம்பிப்போய் 'இன்னும் கிளம்பவே இல்லையா' என்று கேட்டார்கள். ஆகாயத்தில் அபாபாவிலிருந்து லாகோஸ் வர அஞ்சு மணி நேரம். விமான நிலையத்திலிருந்து இன்னொரு அபாபாவுக்கு 20 கிலோமீட்டர் சொச்சம், அதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆனது! வழி முழுக்க டேங்கர் லாரி வரிசை.

போக்குவரத்து நெரிசலுக்கு அங்கே கோ-ஸ்லோ என்று பேர். அந்த விமான நிலையத்துக்கு யார் பேர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? முர்தலா முகமது. 1975 ஜூலையில் ஆட்சிக்கு வந்த ராணுவத் தளபதி. 1976 பிப்ரவரி 13 காலையில் பாதுகாப்பு வண்டிகள் எதுவும் இல்லாமல் சாதாரணமாக அலுவலகம் போய்க்கொண்டிருந்தார், நெரிசலில் கார் மெதுவானபோது சுட்டுவிட்டார்கள். வயசு 37. குண்டு துளைத்த அந்தக் கறுப்பு மெர்சிடிஸ் லாகோஸ் ஒனிகான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நானே போய்ப் பார்த்தேன். இருபது நைரா நோட்டில் அவர் படம்தான். நெரிசலில் உயிர்விட்டவர் பேரை வைத்த நிலையத்துக்குப் போகிற சாலையிலேயே நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதை என்னவென்று சொல்ல.

திரும்பும்போது விமான நேரத்துக்கு அஞ்சு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை என்றால் இன்னும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இகேஜா_அண்ணன்
ஓட்டாவுக்கு அவ்வளவு ஆகாது. துறைமுகம் தெற்கே, ஓட்டா வடமேற்கே, அபெயோகுட்டா சாலையில். தொழிற்சாலைப் பக்கம் என்பதால் லாரி உண்டு, இருந்தாலும் தேர்ட் மெயின்லேண்ட் பாலத்தைத் தாண்டி லாகோஸ் தீவுப் பக்கம் போக வேண்டியதில்லை. இப்போது அக்பாடோவிலிருந்து ஒயிங்போ வரை சிவப்பு வழி ரயில் ஓடுகிறது, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இகேஜாவிலும் ஒஷோடியிலும் நிற்கும், ஆனால் முனையத்துக்குள் வராது. பெட்டியோடு வருகிற முதல் நாளில் அது பக்கம் போக வேண்டாம்.

கப்பல்காரர் சொன்னதும் ஞாபகம் வந்தது, இங்கே மோட்டார் பைக் டாக்சிக்கு ஒகாடா என்று பேர். அது முன்பு இருந்த ஒரு விமானக் கம்பெனியின் பேர், ஒகாடா ஏர். நெரிசலில் பறக்கிறது என்று கேலியாக வைத்த பேர், கம்பெனி போய்ச் சேர்ந்துவிட்டது, பைக் நிற்கிறது.

செவிலி_அக்கா
எல்லோரும் லஞ்சம், நெரிசல் என்றே எழுதுகிறீர்கள். நான் 2014இல் இகேஜாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியாக இருந்தேன். அந்த வருஷம் ஜூலை 20ஆம் தேதி இதே விமான நிலையத்தில் என்ன நடந்தது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

லைபீரியாவிலிருந்து பாட்ரிக் சாயர் என்பவர் ஒரு மாநாட்டுக்காக லோமே வழியாக வந்து இறங்கினார். இறங்கும்போதே உடம்பு முடியாமல் விழுந்துவிட்டார். அரசு மருத்துவர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள், அதனால் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். மலேரியா என்றுதான் முதலில் நினைத்தார்கள். டாக்டர் அமேயோ ஸ்டெல்லா அடடேவோ என்ற மூத்த மருத்துவர்தான் எபோலாவாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, அவரை வெளியே விட முடியாது என்று நின்றார். மாநாட்டுக்கு அனுப்பச் சொல்லி மேலிருந்து அழுத்தம் வந்தபோதும் மசியவில்லை. நோயாளி ஜூலை 25இல் இறந்தார். டாக்டர் அம்மாவுக்கும் தொற்றி, ஆகஸ்ட் 19இல் அவரும் போய்விட்டார்.

ரெண்டு கோடிப் பேர் நெருக்கியடித்து வாழ்கிற நகரம் அது. அந்த நாட்களில் நாங்கள் ஒவ்வொரு காய்ச்சல்காரரையும் எப்படிப் பார்த்தோம் என்பதை எழுத முடியாது. பக்கத்து நாடுகளில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். நைஜீரியாவில் மொத்தம் 20 பேருக்கு வந்தது, இறந்தவர்கள் 8 பேர். விமான நிலையத்தில் சாயரைத் தூக்கினவர்கள், பேசினவர்கள், காரில் கூட வந்தவர்கள் என்று கிட்டத்தட்ட 900 பேரைக் கண்டுபிடித்து, வீடு வீடாகப் போய் 18,500 தடவை பார்த்தார்கள். போலியோவுக்காக வைத்திருந்த ஆட்களையும் அலுவலகத்தையும் அப்படியே இதற்குத் திருப்பிவிட்டார்கள். அக்டோபர் 20இல் நோய் போய்விட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

தம்பி, அந்தச் சுகாதார மேசையில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் மஞ்சள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் எரிச்சல்படாதீர்கள்.

ராம்நாடு_ரிட்டர்ன்
அக்கா, ஆறு நாள் தனி வார்டு என்று நான் புலம்பினதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சும்மாவந்தவன்
சரி, இது எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிக்கெட் விலையைப் பார்த்தீர்களா? அதே தூரம் வேறு ஊருக்குப் பாதி விலை. அது ஏன்?

ஓடுபாதை_ரசிகன்
இப்போது நல்ல கேள்வி. டிக்கெட்டை அங்கே நைராவில் விற்பார்கள், விமானக் கம்பெனிகள் அதை டாலராக்கி வெளியே எடுத்துப்போக வேண்டும். மத்திய வங்கியிடம் அப்போது போதுமான டாலர் இல்லாமல் போனது. சிக்கின பணம் 2023 நடுவில் 85 கோடி டாலர் வரை போனது, உலகத்திலேயே அதிகம். எமிரேட்ஸ் 2022 கடைசியில் வரவே முடியாது என்று போய்விட்டது, திரும்பி வந்தது 2024 அக்டோபரில். வருகிற விமானம் குறைந்தால் விலை ஏறத்தானே செய்யும். பிறகு பாக்கியில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டார்கள், அதற்குள் நைரா மதிப்பு விழுந்துவிட்டதால் அங்கே சம்பளம் வாங்குகிறவருக்கு டிக்கெட் இன்னும் எட்டாக்கனிதான். ஏர் பீஸ் என்ற உள்ளூர் கம்பெனி 2024 மார்ச்சில் லண்டனுக்கு விட ஆரம்பித்த பிறகு அந்தப் பாதையில் மட்டும் விலை இறங்கியது.

ஈரோட்டுக்காரன்77
புது முனையம் ஒன்று இருக்கிறதாமே, அதில்தான் இறங்குவேனா?

இகேஜா_அண்ணன்
இருக்கிறது, சீனக் கடனில் கட்டினது. லாகோஸ், அபுஜா, கானோ, போர்ட் ஹார்கோர்ட் நாலுக்கும் சேர்த்து 50 கோடி டாலர். லாகோஸ் முனையத்தை 2022 மார்ச்சில் அப்போதைய அதிபர் புஹாரி திறந்தார், வருஷத்துக்கு 1 கோடியே 40 லட்சம் பேருக்கு என்று கணக்கு. பளபளவென்று இருக்கும். கட்டி முடித்த பிறகுதான் முன்னால் பெரிய விமானம் திரும்ப இடம் போதவில்லை என்று பேச்சு வந்தது, பக்கத்தில் தனியார் விமானக் கொட்டகைகள் இருந்தன. அதனால் ரொம்ப நாள் பெரிய கம்பெனிகள் பழைய இடத்தை விட்டு வரவில்லை. பழைய முனையத்தைப் பிரித்துப் புதுப்பிக்க 2025 ஜூலையில் அரசு 71,200 கோடி நைரா ஒதுக்கியது, அந்தத் தொகைக்கு இங்கே நடந்த சண்டை தனிக் கதை. எந்த முனையம் என்பதை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் புரோட்டோகாலுக்கும் சொல்லிவிடுங்கள், அவர் ஒன்றில் நீங்கள் ஒன்றில் நின்றால்தான் வஹாலா.

கடலூர்க்கப்பல்
வஹாலா என்றால் தொல்லை. அங்கே இறங்கின முதல் மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும் வார்த்தை.

ராம்நாடு_ரிட்டர்ன்
லீவை டிசம்பர் கடைசி, ஜனவரி, பிப்ரவரியில் போட்டால் இணைப்பு விமானத்துக்கு நல்ல இடைவெளி விடுங்கள். சஹாராவிலிருந்து ஹார்மாட்டன் காற்று வரும், வானம் முழுக்க மாவு சலித்த மாதிரி தூசி. 2020 பிப்ரவரியில் இறங்குவதற்கு வழிகாட்டும் கருவி தயாராக இல்லாமல் பெரிய கம்பெனி விமானங்கள் எல்லாம் அக்ராவுக்குப் போய் இறங்கின. லாகோஸ் என்று டிக்கெட் எடுத்தவர்கள் கானாவில் நின்றார்கள்.

*(ஐந்து வாரம் கழித்து)*

ஈரோட்டுக்காரன்77
வந்து சேர்ந்து மூன்று நாள் ஆகிறது, ஓட்டாவிலிருந்து எழுதுகிறேன். கரண்டு வந்து போகிறது, அதனால் சுருக்கமாக.

சுகாதார மேசையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். 'எ காரோ' என்றேன். மணி ரெண்டு, அது காலை வணக்கம் என்பதை மறந்துவிட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு மதிய வணக்கத்தைச் சொல்லிக் கொடுத்து, நான் சரியாகத் திருப்பிச் சொல்கிற வரைக்கும் அட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். இமிக்ரேஷனில் நாற்பது நிமிஷம். பெட்டி ரெண்டும் வந்தது. வெளியே வரும் வழியில் ஒருவர் 'ஹேப்பி வீக்கெண்ட் சா' என்றார், அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அண்ணன் சொன்ன மாதிரி 'நெக்ஸ்ட் டைம், ஓகா' என்றேன், அவரும் சிரித்தார், முடிந்தது.

ரகசிய வார்த்தையாக 'கொடுமுடி' என்று கொடுத்திருந்தேன், அம்மா பிறந்த ஊர், லாகோஸில் வேறு யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை என்று. டிரைவர் என்னைப் பார்த்ததும் 'கோ... கோடு... மோ...' என்று தொடங்கி முடிக்க முடியாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். வாயால் சொன்னால்தான் ஏறுவேன் என்று நான் நிற்க, அவர் நாலு தடவை முயற்சி செய்ய, பக்கத்தில் நின்ற ரெண்டு மூன்று டிரைவர்களும் சேர்ந்துகொண்டு ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். இப்போது அந்த வாகன நிறுத்தத்தில் அஞ்சு பேருக்குக் கொடுமுடி தெரியும்.

இகேஜா_அண்ணன்
அடுத்த முறை வார்த்தையை மாற்றிவிடுங்கள் தம்பி, இது இனிமேல் ரகசியம் இல்லை.